அட்டை, ரேகை, தோலுக்கடியில் சிப்: எதைக் கழற்றி வைக்க முடியும்?

எங்கள் வீட்டு நாய்க்குக் கால்நடை மருத்துவர் பிடரியில் மைக்ரோசிப் செலுத்திய அன்று மாலை, சித்தப்பா மகன் கேட்ட ஒரு கேள்வியில் இந்த ஒப்பீடு தொடங்கியது. ஞாபக மறதி முற்றிவிட்ட எங்கள் அப்பத்தா, சென்ற மதுரைச் சித்திரைத் திருவிழாவின்போது, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் தல்லாகுளம் பெருமாள் கோயிலருகே எங்களைப் பிரிந்து, நான்கு மணி நேரம் கழித்துப் புதூரில் ஒரு டீக்கடை வாசலில் கிடைத்தார். “நாய்க்குப் போடுகிறோமே, அப்பத்தாவுக்கும் ஒன்று போட்டால் என்ன?” என்று அவன் கேட்டான். அக்கறையோடு கேட்ட கேள்வி என்பதால், உணர்ச்சிவசப்பட்டு மறுக்காமல், அட்டை, வளையல், கைரேகை ஆகியவற்றின் அருகில் சிப்பையும் வைத்துப் பார்ப்பதே அதற்கு முறையான பதிலாகும் என்று தோன்றியது.

முதலில் சிப் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் தெளிவு வேண்டும். அரிசி மணியளவுள்ள கண்ணாடிக் குழலுக்குள் ஒரு கம்பிச் சுருளும் ஒரு சில்லும் இருக்கும், மின்கலம் கிடையாது. படிப்பான் கருவியைச் சில அங்குலத்துக்குள் கொண்டுவரும்போது, அதிலிருந்து வரும் அலையால் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவே. மனிதருக்குச் செலுத்துவதற்கென்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004இல் அனுமதித்த வெரிசிப் அப்படிப்பட்டதுதான்: மேற்கையில் தோலுக்கடியில் 16 இலக்க எண் ஒன்று இருக்கும்; நோயாளியின் விவரங்கள் வேறோர் இடத்தில், ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். ஆய்வக எலிகளில் இத்தகைய சிப்பைச் சுற்றிக் கட்டிகள் தோன்றியதாக 2007இல் செய்தி வெளிவந்தது. 2010இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அந்த எலிகளின் உடலில் நடந்தது மனித உடலிலும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதால், உடல்நலக் கேள்வியை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆள் இருக்கும் இடத்தை இந்தச் சிப் காட்டாது. காணாமல் போனவரைக் கண்டுபிடிக்கும் கருவி என்ற எண்ணத்தில்தான் பலர் இதை விரும்புகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதூர் டீக்கடைக்காரரிடம் படிப்பான் கருவி இருந்திருக்காது. அப்பத்தாவின் தோலுக்கடியில் சிப் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தொலைபேசி எண் பொறித்த எவர்சில்வர் வளையலாக இருந்திருந்தால், நான்கு மணி நேரம் என்பது நான்கு நிமிடமாகியிருக்கும். வளையலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது அதன் குறை. ஆனால் பெயரும் முகவரியும் இல்லாமல் ஓர் எண்ணை மட்டும் பொறித்தால், அந்தக் குறை பெருமளவு நீங்கிவிடும்.

ரேஷன் கார்டு போன்ற அட்டையைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. தொலையும், திருடுபோகும், ஆனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் வைத்துவிட்டு வெளியே போகும் உரிமையும் நம்மிடமே இருக்கிறது.

கைரேகையும் சிப்பும் மோதும் இடம்தான் கடினமானது. ரேகை நம் உடலோடு பிறந்தது, சிப் வெளியிலிருந்து நுழைப்பது என்று மட்டும் பார்த்து ரேகையே மேல் என்று முடிவு செய்வது சரியாகாது. சிப்பின் எண் களவுபோனால், வலியோடாவது அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். விரலை மாற்ற முடியாது. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளை எடுத்துப் போலியாக வார்த்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தைச் சுருட்டிய மோசடிகள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. கல்லுடைத்தும் களையெடுத்தும் விரல் தேய்ந்தவர்களுக்கு ரேஷன் கடைக் கருவியில் ‘ரேகை விழாத’ அவதி தனிக் கதை. இருந்தாலும் ரேகைக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: விரலை நாம்தான் வைக்க வேண்டும். அந்தச் செயலில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஏதோ ஒன்றுக்கு இப்போது நான் சம்மதிக்கிறேன் என்பது விரலை வைப்பவருக்குத் தெரியும். சிப்பில் அந்தத் தருணமே இல்லை. கையை அசைக்காமல், வாய் திறக்காமல், உறக்கத்தில் இருப்பவரிடமிருந்துகூட எண்ணைப் படித்துவிடலாம். அந்த எண்ணையும், பிறர் புரிந்துகொள்ளாதபடி மாற்றும் மறைகுறியாக்கம் ஏதுமின்றி வெரிசிப் அப்படியே ஒலிபரப்பியதால், அதை நகலெடுக்க முடியும் என்பது 2006லேயே செய்து காட்டப்பட்டது. இன்று வங்கி அட்டைகளுக்குள் இருக்கும் சில்லுகளுக்கு இதைவிடப் பாதுகாப்பு அதிகம்.

விருப்பத்தோடு போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனில் சில ஆயிரம் பேர் கையில் சிப் வைத்துக்கொண்டார்கள். 2017 முதல் அந்நாட்டு ரயில் நிறுவனம் பயணச்சீட்டாகவும் அதை ஏற்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நிறுவனத்தின் ஊழியர் ஏறத்தாழ 50 பேர், கதவு திறக்கவும் தின்பண்டம் வாங்கவும் போட்டுக்கொண்டார்கள். யாரையும் கட்டாயப்படுத்திச் சிப் வைக்கக் கூடாது என்று 2006இலேயே சட்டம் இயற்றிய மாநிலமும் அதுவே. ஆனால், சம்பளம் தருபவர் கேட்கும்போது தொழிலாளி சொல்லும் ‘சரி’ எவ்வளவு தூரம் சுதந்திரமானது என்பதைச் சட்டத்தால் முழுமையாக அளந்துவிட முடியாது.

இதை உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சில சமூகத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பிரமலைக் கள்ளர் ஆண்கள், எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் உட்பட, ரேகை பதிய வேண்டும். இரவில் காவலர் கண்காணிப்பில் படுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். அதை மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பெண் ஒருவர் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. அப்பத்தாவின் தகப்பனார் அந்தப் பதிவேட்டில் இருந்தவர். பெயரை மறந்துவிட்ட இந்த வயதிலும், இருட்டியதும் ஐயா எங்கே படுத்திருக்கிறார் என்று அப்பத்தா சில நாள் கேட்கிறார். மை தடவிய கட்டைவிரலும் ஒரு காகிதக் கட்டும் மட்டுமே கையில் இருந்தபோது ஓர் அரசால் அவ்வளவு செய்ய முடிந்தது என்பதை மறந்துவிட்டு, சிப்பை வெறும் வசதியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறது: ஒப்புதலைத் தந்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ, அதைத் திரும்பப் பெறுவதும் அதற்கு இணையாக எளிதாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலில் வளையல் தேறுகிறது, அட்டை தேறுகிறது, ஆதார் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியைப் பயன்படுத்தினால் ரேகைகூடப் பாதி தேறுகிறது. ஊசியால் சில நொடிகளில் உள்ளே போய், கத்தியால் மட்டுமே வெளியே வரும் சிப் தேறவில்லை. போடும்போது சம்மதம் சொல்லவும், பிறகு வேண்டாம் என்று சொல்லவும் நினைவு போதாத ஒருவருக்கு அது இன்னும் பொருந்தாது.

ஆகவே, நகைக்கடைப் பட்டறை ஒன்றில் எண் பொறித்த எவர்சில்வர் வளையல் வாங்கினோம். அப்பத்தா அதை இரவில் கழற்றி வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டுவிடுவதைச் சித்தப்பா மகன் பெரிய குறையாகச் சொல்கிறான். அவன் கவலையில் நியாயம் இருக்கிறது; அதனால் அவர் வெளியே கிளம்பும்போது யாராவது கூடப் போகிறோம். காலையில் வளையலை எடுத்து நீட்டினால், பெரும்பாலான நாட்கள் தானே கையைக் காட்டுகிறார். சில நாள் வேண்டாம் என்கிறார், அன்று போடுவதில்லை.