அருவங்காட்டு மைதானத்தில் ஆறு மாதம்: ராணுவப் பாதிரியார் வேலைக்குத் தயாரான அனுபவம்

நான் தென்னிந்தியத் திருச்சபைப் போதகர். வயது 33. குன்னூர்ப் பக்கம் ஒரு சிறிய சபையைக் கவனித்துக்கொள்கிறேன். ராணுவத்தில் சமய ஆசிரியர் வேலைக்கு, அதாவது வீரர்களுக்குப் பாதிரியாராக இருக்கும் வேலைக்கு, விண்ணப்பிக்கலாம் என்று போன வருடம் முடிவெடுத்தபோது, எங்கே பயிற்சி எடுப்பது என்று சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆன்லைனில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் 12,000 ரூபாய் கட்டினேன். வந்து சேர்ந்தது பழைய வினாத்தாள்களின் பிடிஎஃப் மட்டும்தான். சந்தேகம் கேட்டால் பதில் வராது. அந்தப் பணம் போனது போனதுதான்.

அப்புறம் சபையில் ஒரு பெரியவர் சொல்லித்தான் அருவங்காட்டில் கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரிக்குக் கொஞ்சம் தள்ளி நடக்கும் இந்த வகுப்பு தெரிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 28 வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்ற ஒருவர் நடத்துகிறார். போர்டு கிடையாது, தன் பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மாதம் 1,500 ரூபாய். வாரத்தில் ஆறு நாள், காலை 5.45-க்கு ஆரம்பம். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைக்கு ஓட விடமாட்டார், ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் அக்னிவீர், அதாவது நான்கு வருட ராணுவச் சேவைக்குத் தயாராகும் பையன்கள். 1.6 கிலோமீட்டரை அவர்கள் ஐந்தரை நிமிடத்தில் முடித்தால்தான் முழு மதிப்பெண். சமய ஆசிரியருக்கு அதே தூரத்துக்கு எட்டு நிமிடம் கொடுக்கிறார்கள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். அங்கே உள்ள மைதானம் சுற்றளவில் 200 மீட்டர். எட்டுச் சுற்று, சுற்றுக்கு ஒரு நிமிடம். அக்டோபரில் முதல் நாள் எனக்கு 11 நிமிடம் 40 நொடி ஆனது. கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரத்தில், குளிர்காற்றை வாயால் இழுத்து ஓடினால் மூன்றாவது சுற்றிலேயே நெஞ்சு எரியும்.

வகுப்பு நடத்தும் மாஸ்டரின் முறை எனக்குப் பிடித்திருந்தது. முதல் மூன்று வாரம் வேகமாக ஓடவே விடவில்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் மட்டும் ஓடச் சொன்னார். இறக்கத்தில் ஓட வேண்டாம், முட்டி போய்விடும் என்றார். பிறகு 200 மீட்டர் வேகமாக, 200 மீட்டர் நடை, இப்படி மாற்றி மாற்றி. நான் மூச்சுக்கு ஏற்றபடி மனதுக்குள் ஜெபத்தைப் பிடித்துக்கொண்டேன். இழுக்கும்போது "இயேசுவே", விடும்போது "இரங்கும்". ஜனவரியில் புல் முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில் முதல் தடவையாக 7 நிமிடம் 51 நொடியில் முடித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

ஓட்டம் மட்டும்தான் என்றால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன்.

இந்தச் சமய ஆசிரியர் வேலை நாயப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரி பதவியில் தொடங்குகிறது. வழிபாடு நடத்துவதோடு முடிவதில்லை. அடக்கத்துக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு உட்கார வேண்டும், தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் சிப்பாயையும் போய்ப் பார்க்க வேண்டும். தேர்வானவர்களுக்குப் புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் இந்துப் பண்டிட், முஸ்லிம் மௌல்வி, சீக்கிய கிரந்தி, கிறிஸ்தவப் பாதிரியார் எல்லாரையும் ஒன்றாக வைத்துத்தான் பயிற்சி தருகிறார்கள். சர்வ தர்ம ஸ்தல் என்று பல மதங்களுக்கும் ஒரே கூரை போட்ட இடங்கள் ராணுவத்தில் உண்டு. இறையியல் கல்லூரியில் எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

மாஸ்டர் முதல் நாளிலிருந்தே என்னை "பாத்ரி சாப்" என்றுதான் கூப்பிட்டார். ஒருநாள் அவரே சொன்னார்: "எங்க யூனிட்ல ஒரு கிறிஸ்டியன் பையன் இறந்தப்போ பாதிரியார் வந்து சேர முடியல. பண்டிட்ஜிதான் பைபிள்ல சங்கீதம் வாசிச்சார். தட்டுத் தடுமாறித்தான் வாசிச்சார். ஆனா நாங்க யாரும் அத மறக்கல." அதே மைதானத்துக்கு, பண்டிட் இடத்துக்கு விண்ணப்பிக்க, சமஸ்கிருதம் படித்த ஒரு தம்பி ஊட்டியிலிருந்து வருவார். எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார் மாஸ்டர். அடக்க ஆராதனை எப்படி நடக்கும் என்று நான் அவருக்குச் சொன்னேன். தகனத்தில் யார் எங்கே நிற்பார்கள், எந்த நேரத்தில் நான் பேசாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அவர் எனக்குச் சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அரை மணி நேரம். ஆறு மாதத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த அரை மணி நேரம்தான்.

பிப்ரவரியில் கேத்தியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு படுகர் பையனுக்கு மெடிக்கலில் போய்விட்டது. முட்டி தட்டுகிறது என்று சொல்லிவிட்டார்களாம். மைதானச் சுவரில் உட்கார்ந்து, ஷூவின் அடியில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்த ரப்பரை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தேன். மாஸ்டர் தோளைத் தொட்டு, "பாத்ரி சாப், மொதல்ல ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்றார். டீயும் வர்க்கியும் வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ரப்பர் முழுக்கப் பிய்ந்து கையோடு வந்தது. அதற்குப் பிறகுதான் கேட்டான், "ஐயா, எங்க அம்மாகிட்ட நீங்க ஃபோன் பண்ணிச் சொல்றீங்களா?"

சொன்னேன். அந்த அம்மா அழுததை விட, அழுது முடித்து "நீங்க சாப்டீங்களா சாமி" என்று கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. அக்டோபர், நவம்பரில் பாதி நாள் நனைந்துதான் திரும்பினேன். கழிப்பறைக்கு டீக்கடையைத்தான் கேட்க வேண்டும். எழுத்துத் தேர்வில் பொது அறிவுக்கு ஒரு தாள், அவரவர் மதத்துக்கு ஒரு தாள். முதல் தாளுக்கு இங்கே தருகிற ஜெராக்ஸ் குறிப்புகள் பழையவை, அவற்றை நம்ப வேண்டாம். இந்தி பேசக் கற்றுத்தர ஏற்பாடில்லை. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் அதைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். மொத்தத்தில் இந்த வகுப்புக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

பாதிரியாருக்குச் சில வருடங்களில் ஒன்றிரண்டு இடங்கள்தான் அறிவிக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் நானும் ஓடுகிறேன். குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும், உங்கள் பேராயரின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதனால் மைதானத்துக்கு வருவதற்கு முன்னால் பேராயரிடம் பேசிவிடுங்கள், வீட்டிலும் பேசிவிடுங்கள். நான் வீட்டில் கடைசியாகச் சொன்னேன், அது தவறு.

இப்போது என் நேரம் 7 நிமிடம் 24 நொடி. சேர வருகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் கையுறையும் காதை மூடுகிற குல்லாவும் கொண்டு வாருங்கள். முதல் நாள் மாஸ்டர் கேட்கிற முதல் கேள்வி, "எதுக்கு வந்தீங்க?" அதற்கு அன்றைக்கே பதில் சொல்ல வேண்டாம் என்பார். நான் மார்ச்சில்தான் சொன்னேன்.