9800 எம்.ஏ.எச். என்று போட்ட செல்லோடு வரும் ரோபோ கிட்டை வாங்காதீர்கள்

பிள்ளைகளுக்கு ரோபோ கிட் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகனுக்காக ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 2,900 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினேன். எதிரே தடை வந்தால் தானாகத் திரும்பிப் போகிற சின்ன வண்டி. வண்டிக்கு மூளையாக ஆர்டுயினோ ஊனோ போர்டு, மோட்டாரை இயக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, தூரம் பார்க்க அல்ட்ராசோனிக் சென்சார், 18650 என்ற அளவில் உருளையான லித்தியம் சார்ஜ் செல் இரண்டு. செல்லின் மேல் 9800 எம்.ஏ.எச். (எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற அளவு) என்று போட்டிருந்தது. எல்லாம் சோதித்து அனுப்பியது என்று பெட்டியிலேயே ஒட்டியிருந்தார்கள்.

பையன் பொறுமையாக எல்லாவற்றையும் பூட்டினான். கம்ப்யூட்டரோடு இணைத்தபோது சென்சார் அருமையாக வேலை செய்தது. கையை நீட்டினால் எத்தனை சென்டிமீட்டர் என்று திரையில் சரியாக வந்தது. பேட்டரியில் ஓடவிட்டால்தான் வினை. சக்கரம் ஒரு உதறு உதறும், போர்டு விளக்கு அணைந்து எரியும், புரோகிராம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மறுபடி அதே உதறல்.

விற்பனையாளருக்குப் போன் செய்தால், "சார், உங்க புரோகிராம் கோடுலதான் தப்பு. 1,500 ரூபாய் கட்டுங்க, எங்க டெக்னீஷியன் ஆன்லைன்ல சரி பண்ணிக் கொடுப்பார்" என்றார்கள். அந்தக் கோடே அவர்கள் அனுப்பியதுதான். பையனோ தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்து, ஒவ்வொரு வயராகப் பிடுங்கி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். போன பணத்தை விட இதுதான் எனக்கு ஆத்திரம்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். சும்மா இருக்கும்போது இரண்டு செல்லும் சேர்ந்து 8 வோல்ட் காட்டியது. மோட்டார் புறப்பட்டதும் 5-க்குக் கீழே இறங்கியது. மோட்டார் டிரைவரே தன் பங்குக்கு 2 வோல்ட் போல விழுங்கும். மிச்சத்தில் மோட்டார் எப்படிச் சுற்றும்? 5 வோல்ட்கூட இல்லாத பேட்டரியில் போர்டு எப்படி நிற்கும்? 5 வோல்ட் கிடைக்காத சென்சாரும் தூரத்தைத் தப்பாகச் சொல்லலாம்.

அப்புறம் செல்களைத் தராசில் வைத்தோம். ஒன்று 31 கிராம், இன்னொன்று 44. இரண்டுக்கும் மேலே ஒரே நீல உறை, ஒரே 9800 எம்.ஏ.எச். கனமானதன் முனையில் பழைய வெல்டிங் புள்ளிகள் அப்படியே இருந்தன. எதோ பழைய பேட்டரி பேக்கிலிருந்து பிரித்தெடுத்துப் புது உறை போட்டிருக்கிறார்கள். 18650 அளவில் நல்ல கம்பெனி செல்லே ஏறக்குறைய 3500 எம்.ஏ.எச். வரைதான் வரும். எடையும் 45 கிராமை ஒட்டி இருக்கும். 9800 என்று போட்டிருந்தால் அது பொய், வேறு எதையும் சோதிக்க வேண்டாம். இப்படித் திறன் ஒத்துப்போகாத இரண்டு லித்தியம் செல்களைத் தொடராக, அதாவது ஒன்றன் பின் ஒன்றாக மாட்டினால், பலவீனமானது அளவுக்கு மீறிக் காலியாகும், சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும். சின்னப் பையன் படுக்கிற அறையில் அதைச் சார்ஜ் போட்டிருந்தோம் என்று நினைத்தாலே பதறுகிறது.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். பதிலாக, செல்லுக்குப் பதில் 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று அனுப்புகிறோம் என்றார்கள். அது மல்டிமீட்டருக்குச் சரி. இரண்டு மோட்டாரை இழுக்க அதனால் முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

இப்போது ஓடுகிறது. பில் கொடுக்கிற ஒரு கடையில், ஐ.எஸ். 16046 (லித்தியம் செல்லுக்கான இந்தியப் பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ள ஒரே கம்பெனி செல்கள் இரண்டு வாங்கிப் போட்டோம். கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சுவருக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்று திரும்புகிறது.

பழைய செல்களைத் தூக்கிப் போடாமல் தனித்தனியாக, முனையில் டேப் ஒட்டி ஆதாரத்துக்கு வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தாயிற்று. உங்களுக்கும் இப்படி வந்திருந்தால் பில், எடை காட்டும் படம், அவர்களோடு பேசிய மெசேஜ் மூன்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு அதே எண்ணில் கூப்பிடுங்கள்.