எபிக்டெட்டஸா, மார்கஸ் அரேலியஸா: முதலில் யாரைப் படிப்பது?

நம் கையில் இல்லாததைப் பற்றிக் கலங்காமல் வாழக் கற்றுத்தரும் பழைய கிரேக்க, ரோமானியச் சிந்தனையான ஸ்டோயிக் தத்துவத்துக்குள் நுழைய நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இருவரிடம்தான் தடுமாறுகிறார்கள். எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். மார்கஸ் கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர்.

அளவு
எபிக்டெட்டஸ்: 'கையேடு', 53 சிறு பகுதிகள். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.
மார்கஸ்: 'தியானங்கள்', 12 பகுதிகள். எங்கே திறந்தாலும் படிக்கலாம்.

குரல்
எபிக்டெட்டஸ்: வகுப்பறைக் குரல். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. மாணவர் அரியன்தான் குறித்து வைத்தார். கண்டிப்பு அதிகம், சில இடங்களில் சுருக்கென்று தைக்கும்.
மார்கஸ்: தனக்குத்தானே பேசிக்கொள்ளும் குரல். சில பக்கங்களைப் போர்முனையில் எழுதினார்.

எனக்கு மறக்காதது எபிக்டெட்டஸின் விளக்குதான். வீட்டில் இருந்த இரும்பு விளக்கை யாரோ திருடிவிட்டார்கள். சரி, நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்வோம், இருப்பதைத்தானே இழக்க முடியும் என்கிறார். எது நம் கையில், எது இல்லை என்ற அவருடைய அடிப்படைப் பாடம் முழுவதும் அந்த விளக்கில் இருக்கிறது. மார்கஸோ விடியலில் போர்வையை விட்டு எழ மனமில்லாமல், மனிதனுக்குரிய வேலையைச் செய்யவே எழுகிறேன் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். பேரரசருக்கும் அந்தச் சோம்பல் இருந்திருக்கிறது!

கொள்கை தெளிவாக வேண்டுமென்றால் எபிக்டெட்டஸ். மனம் சோர்ந்த நாட்களில் துணை வேண்டுமென்றால் மார்கஸ். இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? எபிக்டெட்டஸிலேயே தொடங்குங்கள்; மார்கஸே அவரைப் படித்து வளர்ந்தவர்தான்.