ஹோம் தியேட்டர் அறைக்கு வயரிங்: வடவள்ளி எலக்ட்ரீஷியனின் வேலை எப்படி?

மாடியில் 12க்கு 16 அடி அறை ஒன்றை ஹோம் தியேட்டராக்க முடிவு செய்ததும் ரிசீவர், ஸ்பீக்கர், புரொஜெக்டர் பற்றி ஆலோசனை சொல்ல ஆள் நிறையக் கிடைத்தார்கள். கரண்ட் பற்றிப் பேச ஒருவரும் இல்லை. கடைசியில் கோவை வடவள்ளியில், எங்கள் பகுதியில் பல வருஷமாக வீட்டு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம்தான் வேலையைக் கொடுத்தேன். அவருடைய வேலையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பொருள் எல்லாம் நான் வாங்கித் தந்தேன், கூலி பாயிண்ட் கணக்கு.

வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் திருப்பி வைங்க சார், பின்னாடி எத்தன வாட்ஸ்னு போட்டிருக்குதுன்னு பாத்துக்கலாமுங்க" என்றார். ரிசீவர் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப்) 600, சப்வூஃபர் (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) 300, புரொஜெக்டர் 350, செட்டாப் பாக்ஸ் வகையறா 100. மொத்தம் 1350 வாட்ஸ், அதாவது 6 ஆம்பியருக்குள். ஒன்றரை டன் ஏசி தனியாக ஏழரை ஆம்பியர் வரை இழுக்கும். கூட்டிப் பார்த்தால் ஒரே 16 ஆம்பியர் லைனில் அடங்கிவிடும் போலத்தான் தெரியும். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயரில் தனி லைன், அதுவும் வேறு பேஸில். சவுண்டு, படம் சம்பந்தப்பட்ட அத்தனைக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம்மில் ஒரே லைன், ஒரே பேஸ். அதற்கு சி கர்வ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) கேட்டார். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் ஆன் ஆகும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பி கர்வ் எம்சிபி தன் ஆம்பியர் அளவைப் போல 3 முதல் 5 மடங்கிலேயே சட்டென்று விழுந்துவிடும்; சி கர்வ் அப்படி விழ 5 முதல் 10 மடங்கு வேண்டும்.

இவரை நான் நம்பத் தொடங்கியது எர்த் சோதித்த விதத்தைப் பார்த்துத்தான். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தார், 230 காட்டியது. எனக்கு அதுவே திருப்தியாக இருந்தது. அவர் பையிலிருந்து 100 வாட்ஸ் குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரை எடுத்து, அதே இரண்டு இடத்தில் கொடுத்தார். பல்பின் இழை சிவப்பாக, மங்கலாக எரிந்தது. நியூட்ரலுக்கு மாற்றியதும் பளிச்சென்று எரிந்தது. மீட்டர் இழுக்கும் கரண்ட் இம்மியளவுதான், அதனால் காய்ந்துபோன எர்த்கூட அதில் நல்லதாகவே தெரியும். கிட்டத்தட்ட அரை ஆம்பியர் கேட்கும் பல்புதான் உண்மையைச் சொல்லும். (இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம். எர்த் மோசமாக இருந்தால் அந்த நேரத்தில் வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், மோட்டார் பாடி எல்லாவற்றிலும் ஷாக் அடிக்கலாம்.)

அறை வேலையை நிறுத்திவிட்டு, முதலில் சமையலறைத் தண்ணீர் போகும் பக்கமாக 8 அடிக்குப் புது எர்த் குழி. ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். எர்த் சரியானபின்பும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் சுவிட்ச்) இல்லாமல் டிபியை (எம்சிபி எல்லாம் இருக்கும் பெட்டி) மூட மாட்டேன் என்றார். அது சரிதான். குழியின் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் பாடியில் பட்டால் 23 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது. உயிரைக் காப்பது ஆர்சிசிபிதான். கூடவே ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்றும் வைத்தார். த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் கட்டானால் ஏதாவது ஒரு பேஸில் 300 வோல்ட்டுக்கு மேல்கூட ஏறலாம். அத்தனை பணம் போட்டு வாங்கிய சாமான் ஒரே நொடியில் போய்விடும்.

சப்வூஃபர் அறையின் பின்மூலையில். பக்கத்திலேயே லைட் பாக்ஸ் இருந்தும் அதிலிருந்து கரண்ட் எடுக்கவில்லை. முன்சுவரில் கருவிகளை அடுக்கும் ரேக்கின் லைனையே சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு கருவிக்கும் எர்த் வெவ்வேறு வழியாக வந்தால், நடுவே ஓடும் ஆடியோ கேபிளில் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' ஏறும். அதை அடக்க எர்த் பின்னை உடைத்துச் சொருகும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

புரொஜெக்டர் பாயிண்டும் நல்ல யோசனை. சீலிங் சாக்கெட்டுக்கு டிபியிலிருந்து லைன் வரவில்லை; அதன் வயர் ரேக்கில் ஒரு த்ரீ பின் பிளக்காக முடிகிறது. அதை யுபிஎஸ்ஸில் சொருகிவிட்டால் கரண்ட் போனாலும் ஃபேன் ஓடி லாம்ப் சூடு தணிய நேரம் கிடைக்கும். ஆம்பையும் சப்வூஃபரையும் யுபிஎஸ் பக்கமே கொண்டுபோகவில்லை.

குறைகள் உண்டு. நாளைக்கு வருகிறேன் என்றால் நாளைக்கு வர மாட்டார். சுவரை வெட்டிய இடத்தில் பூச்சு வேலை செய்ய கொத்தனாரை நாம்தான் பிடிக்க வேண்டும். எந்த பைப் எங்கே போகிறது என்று வரைந்தும் தர மாட்டார். மூடுவதற்குள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ, ஸ்பீக்கர் கேபிள் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கரண்ட் பைப்பிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, எச்டிஎம்ஐ தலை வளைவில் சிக்காத அளவு பெரிய பைப் வேண்டும் என்று நாமே கூட நின்று சொல்ல வேண்டும். சொன்னால் முகம் சுளிக்காமல் செய்கிறார்.

வேலை முடிந்ததும் பாட்டு எதுவும் போடாமல் ஆம்ப் வால்யூமை முழுக்க ஏற்றி ஸ்பீக்கரில் காதை வைத்தேன். லேசான 'ஸ்ஸ்' மட்டும்தான். கேபிள் டிவி வயரைச் செட்டாப் பாக்ஸில் மாட்டியதும் 'ம்ம்ம்' வந்தது, கழற்றியதும் போனது. அது வெளியிலிருந்து வருகிற வயரின் எர்த்; இவர் வேலையில் குறை இல்லை. கேபிள் லைனில் சின்ன ஐசொலேட்டர் (அந்த எர்த் தொடர்பை வெட்டும் சாதனம்) ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது.

வடவள்ளி, மருதமலை ரோடு பக்கம் இருப்பவர்கள் தாராளமாக இவரைக் கூப்பிடலாம். ஃபால்ஸ் சீலிங்கும் சுவர் பேனலும் போடுவதற்கு முன்னாலேயே கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு என்றால் அவர் வரவே ஒப்புக்கொள்ள மாட்டார்.