ரிஸ்க் டீமில் அஜைல்: சில மாம்பழ சீசன்கள் ஓட்டிய பிறகு

தர்மபுரியில் ஒரு கடன் நிறுவனத்தில் ரிஸ்க் பிரிவைப் பார்க்கும் நண்பர் கேட்டார்: "உங்க ஃபேக்டரியில அஜைல் கொண்டுவந்தீங்களே, நாங்களும் எடுத்துக்கலாமா?" போனில் பேசினால் கோபம்தான் முந்தும். அதனால் எழுதுகிறேன்.

அஜைல் என்றால் வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, அடிக்கடி பார்த்துத் திருத்திக்கொண்டே செய்யும் முறை. அதில் குறுகிய காலச் சுற்று ஒவ்வொன்றும் ஸ்பிரின்ட், தினமும் நின்றபடியே நடக்கும் சின்னக் கூட்டம் ஸ்டாண்ட்-அப், வேலைகளைக் கார்டாக ஒட்டிக் கட்டம் கட்டமாக நகர்த்துவது போர்டு. எங்களுடையது கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஏற்றுமதி. கூழுக்கான பெங்களூரா ரக மாம்பழம் வரத்து தொடங்கினால் ஜூலை வரை மூச்சு விட நேரமிருக்காது. என்னென்ன தப்பாகப் போகலாம் என்று எழுதிவைக்கும் பட்டியலான ரிஸ்க் ரெஜிஸ்டரை முன்பு காலாண்டுக்கு ஒருமுறை திறப்போம். ஏப்ரலில் மூடிவைத்து ஜூலையில் திறந்தால் சீசனே முடிந்திருக்கும்!

இப்போது தினமும் காலையில் எடை மேடை பக்கத்திலேயே நின்று பதினைந்து நிமிடம். காவேரிப்பட்டணம் பக்கம் ஆலங்கட்டி மழை, பழத்தின் இனிப்பு அளவான பிரிக்ஸ் இறங்குகிறது, பாய்லர் மக்கர் பண்ணுகிறது: எல்லாம் அன்றைக்கே காதுக்கு வரும், அன்றைக்கே முடிவும் ஆகும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா போகும் கன்டெய்னர்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது, ரெஜிஸ்டரை வாராவாரம் பார்க்கும் பழக்கம் வந்திருந்ததால்தான் வாங்குபவர்களிடம் டெலிவரி தேதியை முன்கூட்டியே பேச முடிந்தது. இதை மறுக்க மாட்டேன்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். போர்டின் கடைசிக் கட்டம்: 'முடிந்தது'.

2001இல் யூட்டாவில் பதினேழு பேர் கூடி எழுதிய அஜைல் சாசனம் மென்பொருளுக்கானது. எழுதிய நிரல் வேலை செய்தால் அந்த வேலை ஒருவழியாக முடிந்தது. ரிஸ்க் எங்கே முடிகிறது? 'கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த பழம் உள்ளே வரக்கூடாது' என்று எங்கள் போர்டில் ஒரு கார்டு. மண்டிக்காரர்களிடம் உறுதிக் கடிதம் வாங்கியதும் 'முடிந்தது' பக்கம் போய்விட்டது. அப்புறம் ஸ்டாண்ட்-அப்பில் யாரும் அதைப் பேசவில்லை. ஒருநாள் கேட்டில் நின்ற பையன் பழக் கிரேட்டுக்கு அடியில் கார்பைடு பொட்டலத்தைப் பார்த்ததால் தப்பித்தோம். கார்டு பார்த்திருக்காது.

அதைவிட மோசம், ஒரு ஸ்பிரின்டில் எத்தனை கார்டு நகர்ந்தது என்று மேலிடத்துக்கு வாராவாரம் சார்ட் போகிறது. விளைவு தெரியுமே, சீக்கிரம் மூடக்கூடியதை மட்டும் கார்டாக எழுதுகிறார்கள். பூச்சிமருந்து எச்சம் போன்ற பெரிய பயங்கள் கார்டாகவே வருவதில்லை. கடைசிக் கட்டத்தை 'இப்போதைக்கு அடங்கியிருக்கிறது, மறுபடி பார்க்கும் தேதி இது' என்று மாற்றச் சொன்னேன். சார்ட் கெட்டுவிடுமாம்.

நியாயமாகச் சொன்னால், அந்தச் சாசனத்தில் கார்டு எண்ணச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. கண்காணிப்பும் மறுபரிசீலனையும் எல்லாக் கட்டத்திலும் வேண்டும் என்று ரிஸ்க் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 31000 தெளிவாகவே சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகக் கூடியவைதான். நடுவில் இருப்பது சார்ட் மோகம். (ஆஃப் சீசன் ஸ்டாண்ட்-அப் பற்றிக் கேட்காதீர்கள். அது டீ நேரம்.)

உங்கள் தொழிலில் ஒரே வீட்டில் நாலு கடன் என்பது எந்த ஸ்பிரின்டிலும் முடியாது. வசூலுக்குப் போகும் பையன் கேள்விப்பட்டதை மறுநாள் காலையே சொல்ல இடம் வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் போர்டும் வேண்டாம், அஜைல் சொல்லித்தரும் கோச்சும் வேண்டாம்.

ஆகவே என் பதில்: எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் காலை ஸ்டாண்ட்-அப்பை மட்டும் யாராவது நிறுத்தச் சொன்னால் சண்டைக்குப் போவேன்.