கடல் தூண்டில் போட்டிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஈசிஆர் பக்கம் கடல் தூண்டில் போட்டி நடக்கப் போவதாக வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் பரிசு ஒரு லட்சம். படகு, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 6,500 ரூபாய். இதே ஆட்கள் போன முறை நடத்திய போட்டியில் நானும் என் மச்சானும் கலந்துகொண்டோம். புகார் கொடுத்திருப்பதால் நடத்துபவர்களின் பெயரை இங்கே போடவில்லை. போஸ்டரைப் பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று புரியும். தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள்.

பணம் வாங்கியதே சரியில்லை. சங்கம், நிறுவனம் என்று எந்தப் பெயரிலும் கணக்கு இல்லை. ஒரு தனி ஆளின் ஜிபே நம்பர்தான். ரசீது கேட்டால், "குரூப்ல பேரு சேத்தாச்சு சார், அதான் ரசீது" என்றார்கள். விதிமுறை கேட்டதற்கு நாலு வரி மெசேஜ் வந்தது: காலை ஐந்தரைக்குப் புறப்பாடு, மூன்று மணிக்குள் கரை, அதிக எடையுள்ள மீனுக்குப் பரிசு, நடுவர் தீர்ப்பே இறுதி. நடுவர் யார் என்று கடைசி வரைக்கும் யாரும் சொல்லவில்லை.

காலையில் கரைக்குப் போனால் வரிசையாக ஃபைபர் படகுகள் நின்றன. எங்கள் படகில் தூண்டில் போட நாலு பேர், படகுக்காரர் ஒருவர், அவருக்கு உதவியாக ஒரு பையன். ஆறு பேருக்கு மூன்று லைஃப் ஜாக்கெட். அதில் ஒன்றுக்கு பக்கிள் உடைந்து கயிறு கட்டியிருந்தது. துறைமுகம் இல்லாத கரையிலிருந்து படகு இறக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அலை உடைக்கும் அந்த இடத்தைத் தாண்டுகிற சில நிமிடங்கள்தான் கவிழும் ஆபத்து மிகுந்த நேரம். அந்த நேரத்தில் எங்களில் மூன்று பேர் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தோம். நீச்சல் தெரியுமா என்று ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை. இன்சூரன்ஸ் பாலிசி நம்பரைக் கேட்டேன், "ஆபீஸ்ல இருக்கு" என்றார்கள். இன்றுவரை வரவில்லை. அந்தப் படகுகள் மீன்பிடிப் படகுகளாகப் பதிவானவை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுவதற்கு அனுமதி தனி. அது இருக்கிறதா என்று கேட்டதற்கும் பதில் கிடையாது. எனக்குப் பரிசை விட, எடையை விட, இதுதான் பெரிய கோபம். கடலில் ஒரு உயிர் போயிருந்தால் யார் பொறுப்பு?

அப்புறம் டீசல். எங்கள் படகுக்காரர் நல்ல மனிதர். கரையில் தெரிந்த ஒரு உயரமான கட்டடத்தையும் தென்னந்தோப்பையும் வைத்தே பார், அதாவது கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டு, இருக்கும் இடத்தைக் கணித்து, பதினேழு பதினெட்டு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்தில் எங்களை நிறுத்தினார். அதைத் தாண்டி இன்னொரு பார் இருக்கிறது, பெரிய மீன் அங்கேதான் நிற்கும் என்று அவரே சொன்னார். போகலாமா அண்ணே என்று கேட்டோம். "குடுத்த டீசலுக்கு இவ்ளோதான் சார் போவ முடியும். மேல போட்டா என் கைக்காசு" என்றார். நடத்துபவரின் உறவுக்காரர்கள் ஏறிய படகில் மட்டும் கூடுதலாக இரண்டு கேன் ஏற்றியதைக் காலையில் எல்லோரும் பார்த்தோம். யாருக்கு எந்தப் படகு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. அவர்களே பிரித்துக் கொடுத்தார்கள். சமமான தூரம் போக முடியாத படகுகளை வைத்துக்கொண்டு அது என்ன போட்டி?

கடல் என்னவோ அன்றைக்கு அருமையாக இருந்தது. மச்சானின் ஜிக்கில், அதாவது மீன் மாதிரி ஆட்டிக் காட்டும் உலோகத் தூண்டில் இரையில், ஒரு பாறை மீன் அடித்தது. ரீலிலிருந்து தூண்டில் நரம்பு இறங்கிக்கொண்டே இருந்தது, கை கடுத்துப் போய்தான் மேலே கொண்டுவந்தார். நல்ல பெரிய மீன். பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, அதைத் தூக்கிப் பிடித்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் போதும்.

மூன்று மணிக்கு முன்பே கரைக்கு வந்துவிட்டோம். எடை போட ஆரம்பித்தார்கள். தராசு என்று வைத்திருந்தது கையில் பிடித்துத் தொங்கவிடும் சின்ன டிஜிட்டல் தராசு. கடற்காற்றில் மீன் ஆடிக்கொண்டிருக்கிறது, எண் ஏறி இறங்குகிறது, பிடித்திருந்தவர் தனக்குத் தெரியும் பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஏழு நூறு" என்று கத்துகிறார், இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார். ஏழு கிலோ நூறு கிராம். திரும்பக் காட்டச் சொன்னால் அடுத்த மீனுக்குப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலமே அதே பாறை மீனை எங்களுக்குப் பழக்கமான மீன்கடையில் வைத்தோம். முத்திரை போட்ட மேசைத் தராசு. ஏழு கிலோ தொள்ளாயிரம். கரைக்கு வந்த மீன் நேரம் ஆக ஆகக் காய்ந்து எடை குறையுமே தவிர ஏறாது. வியாபாரத்துக்கான தராசுக்கு 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி முத்திரை வேண்டும், மின்னணுத் தராசு என்றால் ஆண்டுதோறும் சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும். காய்கறிக் கடைக்காரருக்கு உள்ள அந்தக் கட்டுப்பாடு, லட்ச ரூபாய் பரிசைத் தீர்மானிக்கும் தராசுக்கு இல்லையா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மணிக்குள் கரைக்கு வந்த மீன்களோடு முடிய வேண்டிய எடையை இழுத்துக்கொண்டே போனார்கள். மூன்றே முக்கால் வாக்கில், கூடுதல் டீசல் போட்ட அந்தப் படகு வந்தது. இன்ஜின் கோளாறாம், அதனால் தாமதமாம். அதிலிருந்து ஒரு வஞ்சிரத்தை இறக்கினார்கள். பதினோரு கிலோவுக்கு மேல். மற்ற எல்லா மீனையும் அது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

நான் சின்ன வயதிலிருந்து மீன் வாங்கிப் பழகியவன். அந்த மீனைக் கிட்டத்தில் பார்த்ததும் மனசு ஒப்பவில்லை. கண் உள்வாங்கி வெள்ளை பூத்திருந்தது. செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு இல்லை, பழுப்பு. காலையில் அவர்கள் படகில் ஐஸ் பெட்டி ஏறவில்லை. ஆனால் மீனின் வாய்க்குள் விரலை விட்டால் ஜில்லென்று இருந்தது. செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால் உடம்பைச் சுற்றி ஒரு கோடு, செதில் உரிந்து, தோல் லேசாக நைந்து. அது செவுள் வலையில் மாட்டிய மீனில் இருக்கும் தழும்பு. தூண்டில் முள் குத்திய ஓட்டையை வாயில் தேடினேன். மேல் தாடை, கீழ்த் தாடை, ஓரம், எங்கேயும் இல்லை.

பிடித்ததாகச் சொன்னவரின் தூண்டில் ராடையும் பார்த்தேன். வஞ்சிரத்தின் பல் பிளேடு மாதிரி. அதனால்தான் அதைக் குறிவைப்பவர்கள் நரம்பின் நுனியில் கம்பி லீடர் கட்டுவார்கள். முள் வாய் ஓரத்தில் மாட்டினால் கம்பி இல்லாமலும் சில நேரம் ஏறிவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் பதினோரு கிலோ வஞ்சிரத்தோடு மல்லுக்கட்டிய நரம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், கடையில் வாங்கிய மினுமினுப்போடு இருந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

"மீனைக் கொஞ்சம் புரட்டிக் காட்டுங்க சார், எல்லாரும் பாக்கட்டும்" என்று கேட்டேன். "என்ன சார், இது ஃபிரெண்ட்லி போட்டி. இதுக்குப் போய் சந்தேகப்படலாமா?" என்றார் நடத்தியவர். பத்து நிமிடத்தில் அந்த மீன் ஒரு காரின் டிக்கியில் ஏறிப் போய்விட்டது. நான் எடுத்த போட்டோக்கள் மட்டும் இருக்கின்றன. குரூப்பில் அவற்றைப் போட்டேன். அரை மணி நேரத்தில் என்னையும் மச்சானையும் நீக்கிவிட்டார்கள்.

ஃபிரெண்ட்லி என்று சொல்லிவிட்டால் விதி வேண்டாம் என்று யார் சொன்னது? சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939லேயே தொடங்கியது. மீன் கடித்த நொடியிலிருந்து ராடை அதைப் பிடிக்கும் ஒருவர் மட்டும்தான் தொடலாம், எடையைக் கடலில் போடக் கூடாது, கரையில்தான் போட வேண்டும், தராசு சான்று பெற்றிருக்க வேண்டும் என்றெல்லாம் அவர்களின் சாதனைப் பதிவு விதிகள் சொல்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடக்கும் பிக் ராக் போட்டியில் 2023ஆம் ஆண்டு 619 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒரு நீல மார்லின் வந்தது. நம் கணக்கில் சுமார் 281 கிலோ. பல மணி நேரம் போராடிப் பிடித்த மீன். கரைக்கு வரும் முன்பே சுறா கடித்திருந்தது என்பதால் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். 35 லட்சம் டாலர் அளவுக்குப் பரிசு கைவிட்டுப் போனது. அந்தத் தீர்ப்பு கடுமையானது என்று வாதாடியவர்கள் உண்டு. ஆனால் மீனை எல்லோர் முன்னாலும் பார்த்தார்கள், காயத்தைப் பார்த்தார்கள், எந்த விதியின்படி நீக்குகிறோம் என்று வெளியே சொன்னார்கள். நாங்கள் கேட்டதும் அந்த அளவுக்குத்தான்.

ஒழுங்காக நடத்துகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, வாயிலிருந்து வால் கவை வரை நீளம் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டு, மீனை அப்படியே கடலில் விட்டுவிடும் போட்டியை நான் பார்த்திருக்கிறேன். காலையில் ஒரு அடையாளச் சீட்டு கொடுப்பார்கள். அது போட்டோவில் தெரிய வேண்டும். முந்தின நாள் மீனைக் கொண்டுவந்து நுழைக்க முடியாது. ஒவ்வொரு படகிலும் வேறு அணியைச் சேர்ந்த ஒருவரைப் பார்வையாளராக ஏற்றுவார்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. யாராவது உங்களைப் போட்டிக்கு அழைத்தால் நடுவர் யார், தராசு எது, ஒரு படகுக்கு எத்தனை லைஃப் ஜாக்கெட், கடல் கொந்தளித்தால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விலகிக்கொள்ளுங்கள்.

பரிசு விஷயத்தில் கடைசியாக நான் கேள்விப்பட்டது: இரண்டாம், மூன்றாம் பரிசுக்காரர்களுக்கு "ஸ்பான்சர் பணம் வரட்டும்" என்று இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. அதைவிட மோசம், எங்கள் படகுக்காரருக்கே பாதி வாடகை பாக்கி. அவர் போன் செய்து, "சார், உங்ககிட்ட வாங்குன காசுல எங்களுது எவ்ளோனு சொன்னாங்களா?" என்று கேட்டார். என்ன சொல்வது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனுப் போடலாம். போன முறை கலந்துகொண்டவர்கள் ஜிபே விவரம், போஸ்டர், குரூப் மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்; உங்களையும் குரூப்பிலிருந்து நீக்கும் முன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வஞ்சிரத்தை வேறு கோணத்தில் போட்டோவோ வீடியோவோ எடுத்தவர்கள் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். படகுக்காரர்களில் யாராவது இதைப் படித்தால் அவர்களின் வாடகை பாக்கியையும் சேர்த்தே எழுதுவோம், தயங்காமல் கூப்பிடுங்கள்.