ஸ்டார்ஃபைண்டரின் காய விதிகள்: மூச்சு வேறு, ரத்தம் வேறு

டேபிளைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஒரே ஒரு ஹிட் பாயின்டோடு (உயிர்ப் புள்ளி) தப்பித்து வந்தவன்கூட ராத்திரி தூங்கி எழுந்தால் முழு உடம்போடு நிற்பான், அது எனக்கு ஒருநாளும் ஒட்டவில்லை. பைசோ நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த, விண்வெளியில் நடக்கும் அதே வகை விளையாட்டான ஸ்டார்ஃபைண்டரின் முதல் பதிப்பில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. அடி முதலில் ஸ்டாமினா என்ற தெம்புப் புள்ளிகளில் விழும், அது தீர்ந்த பிறகுதான் ஹிட் பாயின்ட் குறையும். அதாவது மூச்சு வாங்குவது வேறு, ரத்தம் சிந்துவது வேறு.

ஒன்றாம் லெவல் மனித சோல்ஜர் (போர்வீரர் வகைப் பாத்திரம்) ஒருவரை எடுத்துக்கொள்வோம், கான்ஸ்டிட்யூஷன் (உடல் வலு) 14. ஸ்டாமினா 9, ஹிட் பாயின்ட் 11. அந்த வகைக்கான முக்கியத் திறன் 16 என்றால் ரிசால்வ் பாயின்ட் (மனஉறுதிப் புள்ளி) 4. பன்னிரண்டு புள்ளி அடி வாங்குகிறார்: ஸ்டாமினா சுத்தமாகக் காலி, ஹிட் பாயின்ட் 8. ஒரு ரிசால்வ் செலவழித்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஸ்டாமினா முழுவதும் திரும்பிவிடும், ஆனால் அந்த 8 அப்படியே 8-தான். எட்டு மணி நேரம் தூங்கினாலும் லெவலுக்கு ஒன்று வீதம்தான் ஏறும், அதாவது 9.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த ரிசால்வ்தான். ஓய்வுக்குக் கொடுக்கும் அதே புள்ளிதான் ஹிட் பாயின்ட் பூஜ்யமாகி விழுந்தபின் உயிரையும் பிடித்து வைக்கிறது: நிலைப்படுத்திக்கொள்ள மொத்த ரிசால்வில் கால் பங்கு (குறைந்தது ஒன்று, அதிகபட்சம் மூன்று), அப்புறம் எழுந்து நிற்க இன்னொன்று. எதுவும் செய்யாமல் கிடந்தால் சுற்றுக்கு ஒரு ரிசால்வ் கரையும், கரைய மிச்சமில்லை என்றால் கதை முடிந்தது. அதனால் “கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா?” என்று ஒருவர் கேட்டாலே டேபிளில் எல்லோரும் அவரவர் பாத்திரத்தின் கணக்கு எழுதிய ஷீட்டைப் பார்க்கிறார்கள், உண்மையான விவாதம் நடக்கிறது. பேச்சால் குழுவைத் தூக்கி நிறுத்தும் பாத்திரமான என்வாய் உற்சாகமாக நாலு வார்த்தை சொன்னால் ஸ்டாமினா ஏறும், மந்திரம் தெரிந்த பாத்திரமான மிஸ்டிக் மந்திரம் போட்டால் ஹிட் பாயின்ட் ஏறும் என்று பிரித்து வைத்ததும் அருமை.

குறைகளும் இருக்கின்றன. மிஸ்டிக் இல்லாத குழு பெரிய லெவலில் திண்டாடும்: பத்தாம் லெவலில் அதே சோல்ஜருக்கு 74 ஹிட் பாயின்ட், ஒரு இரவுக்கு 10-தான் ஏறும். 50 கிரெடிட் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) கொடுத்து வாங்கும் முதல் ரக ஹீலிங் சீரம் என்ற மருந்தோ ஒரு டி8 (எட்டுப் பக்கப் பகடையில் விழும் எண்) மட்டுமே தரும், அது எந்த மூலைக்கு? இன்னொன்று, இவ்வளவு யோசித்தவர்கள் காயத்துக்கு வலி வைக்கவில்லை. ஒரே ஹிட் பாயின்டில் இருப்பவரும் முழு உடம்போடு இருப்பவரைப் போலவே ஓடுகிறார், சுடுகிறார். சாகும் தறுவாய் விதிகளை முதல் வாசிப்பில் புரிந்துகொள்வதும் கஷ்டம், விளையாட உட்காரும் முன் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுவது நல்லது.

2025-இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, பைசோவின் இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் வழியில் வெறும் ஹிட் பாயின்டுக்குப் போய்விட்டது. அதில் கணக்கு எளிது, சரி. ஆனால் காயத்தையும் களைப்பையும் பிரித்து ஆட ஆசைப்படுகிறவர்கள் முதல் பதிப்பின் கோர் ரூல்புக்கையே தேடி வாங்குங்கள்.